தவமணியின் தூக்குவாளி

ரெண்டு மாதமாக உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் இது. எப்படி முடியுமென்று எனக்கே தெரியாததால்தான் எழுதவில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. முடிவு என்றா சொன்னேன்? நீங்களே படித்துப் பாருங்கள்.

எல்லாம் ஒரு டம்ளர் டீயால் வந்தது.

அறந்தாங்கியில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள் ராணி. கட்டுமாவடியிலிருந்து முதல் பஸ். பதினாலு வருஷப் பழக்கம். எனக்கு மீனை ஆய்ந்து கொடுத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவாள். அந்தப் பத்து நிமிஷம் எங்கள் ரெண்டு பேருக்கும் சொந்தம்.

அன்றைக்கு அரை டம்ளர் குடித்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"டீ இன்னிக்கி தூக்கலா இருக்கேக்கா... என்ன தூளு?"

பேசாமல் இருந்திருக்கலாம். பீற்றிக்கொள்ளும் புத்தி சும்மா விடுமா? "கொழும்புலேருந்து வந்தது. தம்பி மகன் செந்தில் வாங்கிட்டு வந்தான்" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தாள். கூடையை எடுத்துத் தலையில் வைத்தாள். "வாரேன்க்கா" என்றுகூடச் சொல்லவில்லை. மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

எனக்குத் தெரியாமலா இருந்தது? நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் கணவர் காளிமுத்துவை, எல்லை தாண்டி வந்ததாக இலங்கையில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் சிறை. ஆள் திரும்பி வந்தார். போட் வரவில்லை. அந்த மூன்று மாதமும் ராணி தெருத்தெருவாக மீன் விற்றாள்... ஒரு துண்டு மீனை வாயில் வைக்கவில்லை. என் வாசற்படியில் உட்கார்ந்துதான் அழுதாள்.

அன்றிலிருந்து அந்த நாட்டுப் பொருள் எதையும் அவள் தொடுவதில்லை. பட்டை, கிராம்பு வாங்கினால்கூட பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பாள். பொடி எழுத்து புரியாவிட்டால் கடைக்காரரிடம் நீட்டி, "எந்த ஊருன்னு போட்டுருக்கு, பாத்துச் சொல்லுங்க" என்பாள். ஒரு கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பையில் அந்த ஊர் சோப்பு இருந்ததென்று பையோடு திருப்பிக் கொடுத்தவள். அவளுக்குத்தான் நான் அந்த டீயை ஆற்றிக் கொடுத்திருக்கிறேன்!

எங்கள் வீட்டிலும் ஒரு புறக்கணிப்பாளர் உண்டு — என் வீட்டுக்காரரின் அண்ணன். வருஷத்துக்கு ஒரு நாட்டை ஒதுக்கி வைப்பார். காலையில் எழுந்ததும் 'வாங்காதீர்! பகிர்வீர்!' என்று குடும்பக் குரூப்பில் வந்து விழும். எந்த நாட்டை வாங்காதீர் என்கிறாரோ, அந்த நாட்டு போனிலிருந்தேதான் அதை அனுப்புவார். அடுத்த மாதம் வேறு நாடு. அவருக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை, ராத்திரி நன்றாகத் தூங்குவார்.

ராணி யாரிடமும் 'வாங்காதீர்' என்று சொன்னதில்லை. அவள் பாட்டுக்கு இருந்தாள். வலிக்கிற இடத்தைக் கையால் பொத்திக்கொள்வோமே, அதுபோல. அந்தக் கையை நான் தட்டிவிட்டேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

ஐந்தாம் நாள் கட்டுமாவடிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

ராணி வீட்டில் இருந்தாள். "வாங்கக்கா" என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. காளிமுத்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவர், எழுந்து நாற்காலி போட்டார்.

"தெரியாமச் செஞ்சேன்னு சொல்ல மாட்டேன் ராணி. தெரிஞ்சும் மறந்துட்டேன். அதுதான் பெரிய தப்பு" என்றேன்.

அப்போதுதான் சுவரில் ஆணியில் மாட்டியிருந்த தூக்குவாளியைப் பார்த்தேன். சின்ன எவர்சில்வர் தூக்குவாளி. முகம் பார்க்கலாம் போலத் தேய்த்து வைத்திருந்தது. பேச்சை மாற்ற வேண்டுமே என்று, "புதுசா?" என்றேன்.

காளிமுத்துதான் பதில் சொன்னார். "அது அங்கிட்டு உள்ளதுங்க. யாழ்ப்பாணத்துல ஒரு அம்மா, தவமணின்னு பேரு. அவுக தம்பியும் உள்ளதான் இருந்தாப்ல. அவரைப் பாக்க வாரப்பல்லாம் எங்களுக்கும் சேத்துச் சோறு கொண்டாருவாக. எங்கள விட்டன்னிக்கி ஜெயில் கேட்டு வாசல்ல நின்னு, வழியில சாப்பிடுங்கன்னு இதுல புட்டு குடுத்தாக. வண்டி கெளம்பிருச்சு. ஏனத்தத் திருப்பிக் குடுக்க முடியல."

"ஆனா ராணி, இதுவும் அந்த நாட்டுப் பொருள்தானே?" — கேட்டிருக்கக் கூடாதுதான். வாய் சும்மா இருந்தால்தானே!

முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"இது பொருளாக்கா? ஒருத்தவுக வீட்டு ஏனம். என் புருஷன் பசிக்கிச் சோறு வந்த ஏனம். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தேச்சு வைக்கிறேன்... குடுக்கத்தான் வழியில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செந்திலுக்கு மெஷின் பார்ட்ஸ் விற்கும் கம்பெனியில் வேலை. மாதம் ஒருமுறை கொழும்பு, யாழ்ப்பாணம் என்று போய்வருகிறவன். காளிமுத்துவிடம் தவமணி மகனின் போன் நம்பர் இருந்தது. வேறென்ன வேண்டும்? "செந்தில்கிட்ட குடுத்தனுப்பலாமே" என்றேன். ராணி எழுந்து ஆணியிலிருந்த தூக்குவாளியை எடுத்தாள்.

மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டாள். "வெறும் ஏனத்தையா குடுத்து விடுறது?"

அது எப்படி? பக்கத்து வீட்டுக்குக் குழம்புக் கிண்ணத்தைத் திருப்பும்போதுகூட நாலு முறுக்காவது போட்டுத்தானே கொடுக்கிறோம்? முதலில் நெத்திலிக் கருவாடு என்றாள். செந்தில் போனிலேயே அலறினான். "அத்தை, பிளேன்ல என் பக்கத்துல உக்காந்திருக்கிறவன் என்னை உயிரோட விடமாட்டான்!" கடைசியில் அதிரசம் என்று முடிவானது. ரெண்டாம் நாள் அதிரசத்தோடு தூக்குவாளியையும் மீன் கூடையையும் சுமந்துகொண்டு என் வாசலுக்கு வந்தாள். நான் புதிதாக வாங்கிய டீத்தூள் பாக்கெட்டை முதலிலேயே காட்டினேன். திருப்பிப் பார்த்தாள். நீலகிரி. பிறகுதான் குடித்தாள்.

அந்த மாதப் பயணம் தள்ளிப்போக, ராணி மறுபடி புதிதாக அதிரசம் சுட்டுத் தர, ஒருவழியாக செந்தில் போய் வந்தான். இந்தச் செவ்வாய்க்கிழமை காலை வீட்டுக்கு வந்தவன், பையிலிருந்து எடுத்து வைத்தது... அதே தூக்குவாளி!

"கொடுக்கலையாடா?"

"கொடுத்தேன் அத்தை. அதிரசத்தை எடுத்து வச்சிட்டு, கழுவி, ரொப்பி என் கையிலேயே கொடுத்துட்டாங்க. 'அந்தப் பிள்ளையின்ட வீட்டுப் பாத்திரம், கவனமாக் கொண்டுபோய்க் குடுங்கோ'ன்னு சொல்றாங்க. இது உங்களோடதுதாம்மான்னு எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா? 'எத்தினை பிள்ளையளுக்குச் சோறு குடுத்தனான், எதில குடுத்தனெண்டு ஆர் கண்டது?'ன்னு சிரிக்கிறாங்க. அவங்களுக்கு நினைவே இல்ல அத்தை."

ராணி வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு வருஷம் வாராவாரம் தேய்த்து வைத்த பாத்திரம். கொடுத்தவளுக்கு அது கொடுத்ததாகவே கணக்கில்லை.

மெதுவாக மூடியைத் திறந்தாள். உள்ளே பனையோலையில் முடைந்த சின்னச் சின்னக் குட்டான்கள். ஒவ்வொன்றிலும் பனங்கட்டி, அதாவது கருப்பட்டி. அந்த நாட்டுப் பனை, அந்த நாட்டு ஓலை.

மறுபடியும் எழுந்து போய்விடுவாளோ?

ஒரு குட்டானைக் கையில் எடுத்தாள். பழக்கதோஷம்... திருப்பிப் பார்த்தாள். அடியில் பார்த்தாள். பக்கவாட்டில் பார்த்தாள்.

"எழுத்து ஒண்ணையும் காணோமேக்கா" என்றாள்.

"கடையில வாங்கினாத்தானே எழுத்து இருக்கும்?"

ஓலையைப் பிரித்தாள். பிறகு ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவும் இல்லை. எனக்கும்தான்.

அப்புறம் தூக்குவாளியை மூடி மடியில் வைத்துக்கொண்டு, செந்திலை நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி... மறுக்கா எப்பப் போவீங்க? இத வெறுமனே வச்சிருக்கக் கூடாதுல்ல?"

பாவம், செந்திலுக்கு இந்த ஜென்மத்தில் விடுதலை கிடையாது!