கால்வாய்க்கரைப் பனி

போன வாரம் தொலைக்காட்சியில் அந்தக் காட்சியை மறுபடியும் போட்டார்கள். வெள்ளைப் புடவை கட்டிய கதாநாயகி, அடர்ந்த பனிமூட்டத்தில் நடந்து நடந்து மறைந்துபோவாள். கொடைக்கானல் என்றுதான் தமிழ்நாடே நம்பியது. இப்போது தலை நரைத்துவிட்ட ஒளிப்பதிவாளர், யாருக்கும் தெரியாத ரகசியம் என்று சொல்லிச் சிரித்தார்: "அது நெய்வேலி. ஒருநாள் காலையில் தனியாக நடந்துபோனபோது நானே கண்டுபிடித்தேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனியாகவாம். எங்கள் பம்ப் ஹவுஸ் அண்ணாச்சி கையைப் பிடித்து அழைத்துப் போகாவிட்டால், அந்த ஆளுக்குக் கால்வாய் எந்தப் பக்கம் என்றே தெரிந்திருக்காது.

எழுபதுகளின் கடைசி அது. அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் ஷிஃப்ட் முடிந்து இறங்கும்போது நான் ஏறுவேன். நிலக்கரி வெட்ட வேண்டுமானால் அடியில் ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்; அதுதான் எங்கள் வேலை. ஆழத்திலிருந்து வருவதால் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். மார்கழி விடியலில் கால்வாயில் விழுந்து ஓடும்போது தைலமரங்களுக்கு நடுவே வெண்புகையாக எழும். சண்டைக்காட்சி எடுக்க வந்த படக்குழு பனிக்காகக் கொடைக்கானல் போகப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, "அம்புட்டுத் தூரம் எதுக்குய்யா? விடியக்காலம் எம்பின்னால வாங்க" என்றார் அண்ணாச்சி. ஒரே காலையில் காட்சி முடிந்தது. ஒளிப்பதிவாளர் அவரைக் கட்டிப்பிடித்து, படத்தின் முதலில் நன்றி என்று போட்டு அவர் பெயரைக் காட்டுவதாகச் சொன்னார். சிகரெட் அட்டையைக் கிழித்துப் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டார்.

படம் பக்கத்து ஊரான வடலூர்க் கொட்டகைக்கு வந்தபோது அண்ணாச்சி எங்கள் குடியிருப்பு பிளாக்கையே கூட்டிக்கொண்டு போனார். அவர் மனைவி கல்யாணப் பட்டுப்புடவையில் வந்திருந்தார். எழுத்துகள் ஓடி முடிந்தன. பெயர் இல்லை. "கடைசியில போடுவானுவளா இருக்கும்" என்று மனைவியிடம் சொன்னார். படம் முடிந்து, வணக்கம் போட்டு, கூட்டம் கலைந்து, திரையை இழுத்து மூடும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. வெளியே பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்காரர் ஒருவர், "இன்னா அண்ணாச்சி, ஒங்க பேரு அந்தப் பனியிலயே பூட்ச்சா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், அதற்காக இன்றும் என் மேல் எனக்குக் கோபம் உண்டு. அன்றிலிருந்து அவர் 'பனி அண்ணாச்சி' ஆனார். அவர் மனைவி அதன்பிறகு கொட்டகைப் பக்கம் வரவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து, பங்குனி மாதம், அதே ஒளிப்பதிவாளர் வேறொரு படத்துக்காக வந்தார். மறுபடியும் பனி வேண்டுமாம். ஆனால் இந்தக் கதாநாயகி பத்து மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டாராம். பகலில் வருமா என்று கேட்டார். அண்ணாச்சி கொஞ்சமும் முகம் மாறாமல் சொன்னார்: "வெயில் ஏற ஏறத் தண்ணி இன்னும் சூடாவும்லா சார். பன்னெண்டு மணிக்குப் பாருங்க, ஆளையே மறைச்சிரும்."

ஒளிப்பதிவாளர் சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். குளிர்ந்த காற்று இல்லாமல் புகை எங்கிருந்து வரும்? வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும், "ஆமாம் சார்" என்றேன்.

உச்சி வெயிலில் நான்கு மணி நேரம் நின்றார்கள். புகைக்குப் பதில் நிலக்கரித் தூசிதான் பறந்துவந்தது. வெள்ளைப் புடவை அடுப்படித் துணி போல ஆயிற்று. கதாநாயகி கத்திவிட்டுக் காரில் ஏறிப் போனாள். தயாரிப்பாளர் அத்தனை பேர் முன்னாலும் ஒளிப்பதிவாளரைக் கிழித்தெடுத்தார். அந்தப் படமே அவர் கையைவிட்டுப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம். பம்ப் ஹவுஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி சிரிக்கக்கூட இல்லை. "வீட்டுல போய் அவகிட்டச் சொல்லணும்வே" என்று சைக்கிளை எடுத்தார்.

அண்ணாச்சி போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. தொலைக்காட்சியில் அந்த மனிதர் கடைசியாகச் சொன்னார்: "இரண்டாவது முறை ஏன் பனி வரவில்லை என்று இன்றைக்கும் புரியவில்லை. அங்கே பம்ப் ஓட்டுகிற ஒருவர் இருந்தார், பெயர் மறந்துவிட்டது. அவரைக் கேட்டால் தெரியும்."

என்னைக் கேட்டாலும் தெரியும். ஆனால் முதலில் அந்தப் பெயர் அவருக்கு ஞாபகம் வரட்டும். அதுவரை நானும் அதை இங்கே எழுதுவதாக இல்லை. திரையில் அவள் பனிக்குள் நடந்து மறைந்துகொண்டிருந்தாள். நான் எழுந்துபோய்ப் பெட்டியை அணைத்தேன்.