டைப்புக்குப் போயிருக்கு

அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கு என்ன நோய் என்பது டாக்டருக்கு அடுத்தபடியாக ரிப்போர்ட் அக்காவுக்குத்தான் தெரியும். ஸ்கேன் படத்தைப் பார்த்து டாக்டர் பேசிப் பதிவு செய்வார். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு டைப் அடிப்பாள். டாக்டர் கையெழுத்துப் போட்டபிறகுதான் சம்பந்தப்பட்டவருக்கே விஷயம் தெரியவரும். அதற்கு முன்னால் ஜன்னலில் வந்து முனகுகிறவர்களுக்காக அவள் ஒரு வாக்கியம் வைத்திருந்தாள். "டைப்புக்குப் போயிருக்கு. வரும்போது வரும்." பக்கத்துக் கவுண்டர் பெண்ணுக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருந்தாள். பதினெட்டு வருடத்தில் வரிசை மாற்றி யாருக்கும் அடித்ததில்லை. மேலாளரின் மாமனார் வந்து நின்றபோதுகூட அசையவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அக்காவுக்கு வந்தது கழுத்துவலி. வலது தோளில் இறங்கி, முழங்கை வழியாகப் போய், இரண்டு விரல்களை மரத்துப்போக வைத்தது. ஸ்கேன் எடுத்தார்கள். வலி மாத்திரை அவள் வயிற்றுக்கு ஆகாது என்பதால், ரிப்போர்ட் வரும்வரை ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் இரு என்றார் டாக்டர். லீவு விண்ணப்பத்தில் 'பதிலாள்' என்ற கட்டத்தில் மேலாளர் 'ஏற்பாடு செய்யப்படும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

போன வருடம் அவள் வயதுள்ள ஒருத்திக்கு இதே கழுத்து, இதே மரத்த விரல்கள். 'தண்டுவடத்தை அழுத்தும் கட்டி' என்று அடித்து, முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, அக்கா டீ குடிக்கப் போனாள். அப்போது டீ ருசியாகவே இருந்தது. இப்போது அந்த வரி அவளோடு படுக்கையில் வந்து படுத்துக்கொண்டது. கட்டியா, இல்லையா? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டும். வீட்டில் வாய் திறக்கவில்லை. ஆனால் பயந்தாள், நன்றாகவே பயந்தாள்.

வீட்டிலோ வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. கணவர் பூட்டு ரிப்பேர்க்காரர். உலகத்தில் எதற்கும் எண்ணெய்தான் மருந்து என்பது அவர் கட்சி.

"இறுகிப் போச்சுன்னா எண்ணெய் விடணும். கழுத்தா இருந்தா என்ன, கதவா இருந்தா என்ன?"

தினம் காலையில் எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தார். மீதி எண்ணெயை வீணாக்க மனம் வராமல் அவள் கைப்பையில் இருந்த சாவிக்கொத்துக்கும் தடவி வைத்தார். அவர் தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார், ஐஸ் கட்சி.

"சூடு வச்சா வீங்கும் அண்ணி. ஐஸ்தான் வைக்கணும். அண்ணனுக்கு என்ன தெரியும்?"

அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டை வரக்கூடாதே என்று அக்கா இடது தோளில் ஐஸும் வலது தோளில் வெந்நீர்ப் பையுமாக உட்கார்ந்திருந்தாள். வலி வலது தோளில் மட்டும்தான் என்பதை இருவருமே பொருட்படுத்தவில்லை. நாத்தனார் ஒரு காந்த வளையலும் கொண்டுவந்தாள். அது சமையலறை ஆணிகளை எல்லாம் இழுத்தது, வலியைத் தவிர.

உண்மையைச் சொன்னால், வெந்நீர்ப் பை இருபது நிமிடம் சுகம் தந்தது. வராந்தாவில் மெதுவாக நடந்தால் தேவலை. மூச்சை நிதானமாக இழுத்து விட்டால் தூக்கமும் வந்தது. ஆனால் கட்டியா இல்லையா என்பதற்கு எந்த ஒத்தடம் பதில் சொல்லும்?

ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். கவுண்டர் பெண், யார் பேசுகிறார்கள் என்றுகூடக் கேட்காமல், பாடம் ஒப்பித்தாள். "டைப்புக்குப் போயிருக்கு. வரும்போது வரும்."

அப்படி ஒரு கல்நெஞ்சக்காரியா என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் சொல்லிக் கொடுத்தார்களோ என்றுகூட ஒருமுறை திட்டினாள்.

இருபத்திரண்டாம் நாள் பொறுமை போய், கழுத்தில் துண்டும் கையில் வெந்நீர்ப் பையுமாக நேரிலேயே போய்விட்டாள். டைப் அறை பூட்டியிருந்தது.

"பதிலாள் எங்க சார்?"

"போட்டேனே," என்றார் மேலாளர். "ரூமுக்குச் சாவி இல்லைன்னு மூணாம் நாளே திரும்பிப் போயிட்டார்."

அக்கா கைப்பையைத் திறந்தாள். சாவி இருந்தது. மூன்று வாரம் எண்ணெய் குடித்துப் பளபளவென்று இருந்தது.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார்?"

"உடம்பு முடியாதவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதில்லையா?"

கதவு வெண்ணெயாகத் திறந்தது. கணினியில் நாற்பத்தொரு பதிவுகள் காத்திருந்தன. அக்காவுடையது ஒன்பதாவது. ஸ்கேனுக்கு மறுநாளே டாக்டர் பேசி வைத்துவிட்டார். பதினெட்டு வருடக் கர்வம் பதினெட்டு விநாடிகூடத் தாங்கவில்லை. எட்டுப் பேரைத் தாண்டி ஒன்பதாவதைத் தட்டினாள்.

"...எலும்புத் தேய்மானம். நரம்பு லேசாக அழுந்துகிறது. கட்டி எதுவும் இல்லை."

திருப்பிக் கேட்டாள். மூன்றாம் முறை 'இல்லை' என்பது காதில் விழுந்தபோது மேசையில் தலைவைத்து அழுதுவிட்டாள். அப்புறம்தான் மிச்சமும் காதில் ஏறியது. "ஆறு வாரத்துக்குத் தட்டச்சு வேலை கூடாது."

மேலாளரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"நல்லதா போச்சு. தாராளமா லீவு எடுங்க. போறதுக்கு முன்னால இந்த நாற்பத்தொண்ணையும் முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடுங்க."

அக்கா பதில் சொல்வதற்குள் ஜன்னலில் ஒருவர் வந்து நின்றார். இடுப்பில் வெந்நீர்ப் பையைத் துண்டால் கட்டியிருந்தார். முகத்தில் மூன்று வாரத் தூக்கம் பாக்கி.

"அம்மா, என் ரிப்போர்ட்..."

அக்கா வாயைத் திறந்தாள். அந்த வாக்கியம் வரவில்லை. தன்னைப்போல அவரும் எந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறாரோ, யாருக்குத் தெரியும்?

"உட்காருங்க ஐயா, இன்னிக்கே வாங்கிட்டுப் போலாம்," என்றாள். எழுந்து நாற்காலியை மேலாளர் பக்கம் தள்ளினாள். "நீங்களும் உட்காருங்க சார். நான் கேட்டுச் சொல்றேன், நீங்க அடிங்க."

"நானா? எனக்கு ரெண்டு விரல்தான் வரும்!"

"எனக்கு ரெண்டு விரல் வராது சார். அடிங்க."

முதலாவதிலிருந்து வரிசையாகத் தொடங்கினார்கள். பதினைந்தாவது ரிப்போர்ட்டில் மேலாளர் கையை எடுத்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா இது, தோள் வரைக்கும் இழுக்குது. ஏதாவது பண்ணுங்களேன்."

அக்கா தன் வெந்நீர்ப் பையை எடுத்து அவர் தோளில் பதமாக வைத்தாள்.

"ஒத்தடம் குடுத்துக்கிட்டே அடிங்க சார். போகும்போது போகும்."