பெயர் வெளிவராத வழக்கு

முதல் நாள் நல்லம்மாள் தன் நோயின் பெயரைச் சொல்லவே இல்லை. "அந்த வியாதி" என்றாள். வழக்கறிஞர் சந்திரமதி புரியாமல் பார்த்ததும், இடது கையை மேசைமேல் வைத்தாள். சுண்டுவிரல் உள்பக்கமாக மடங்கியிருந்தது.

அது எண்பத்தொன்றாம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ரயில்வே குமாஸ்தா இளையதம்பியின் மகளான சந்திரமதிக்கு மலேசியாவின் ஈப்போ நகரில் நிலப் பத்திரமும் விவாகரத்துமாகவே தொழில் ஓடிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு வழக்கு அதுவரை வந்ததில்லை.

நல்லம்மாள் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். சின்ன வயதில் தொழுநோய் கண்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து, முழுக்கக் குணமாகித் திரும்பியவள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது குடும்பத்தோடு ஈப்போவை ஒட்டிய புந்தோங்குக்கு வந்து, ஒரு துணி ஆலையில் தையல் வேலைக்குச் சேர்ந்தாள். கைவலி என்று கிளினிக்குக்குப் போனவள், டாக்டர் கேட்டாரே என்று பழைய கதையைச் சொன்னாள். டாக்டர் ஆலை மேனேஜருக்குப் போன் போட்டுவிட்டார். மறுநாளே வேலை போனது.

"இதுக்கெண்டு நாட்டில தனிச் சட்டம் இல்லை," என்றாள் சந்திரமதி. "ஆனா நம்பிச் சொன்னதை டாக்டர் வெளியில விட்டது பிழை. அதை வைச்சு வழக்குப் போடலாம்."

"போட்டா கோர்ட்டுல எல்லார் முன்னாலயும் சொல்லணுமா லாயரம்மா? எம் மகள மாப்பிள்ளை வீட்டுல பாத்துட்டுப் போயிருக்காங்க. தெரிஞ்சா அவ்வளவுதான்லா."

ரகசியத்தை வெளியே விட்டவனைத் தண்டிக்க, அதே ரகசியத்தைக் கோர்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சந்திரமதி, மூடிய அறையில் விசாரிக்கும்படி மனுப் போட்டாள். மனுவைக் குமாஸ்தாவிடம் கொடுக்காமல் தானே டைப் அடித்தாள்.

டாக்டரின் வழக்கறிஞர் குலசிங்கம், சந்திரமதியின் அப்பாவுக்குப் பழக்கமானவர். வீட்டுக்கே போன் செய்தார். "பிள்ளை, வழக்கை விட்டிடு. இல்லாட்டி எல்லாருக்கும் முன்னால அந்த வியாதியின்ர பேரை நான் சொல்லித்தான் ஆகவேணும்."

சந்திரமதி வழக்கை விடவில்லை.

விசாரணை நாளில் பின்வரிசையில் ஒரு பத்திரிகை நிருபர் உட்கார்ந்திருந்தார். குலசிங்கம் எவ்வளவோ எதிர்த்தும், நீதிபதி எல்லாரையும் வெளியே அனுப்பச் சொன்னார். சந்திரமதி மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள், நல்லம்மாளின் தமிழை நீதிபதிக்குச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் ஐயாவு உள்ளே வந்தார்.

நல்லம்மாள் சந்திரமதியின் கறுப்பு அங்கியைப் பிடித்து இழுத்தாள். "இவரு எங்க தெருதான். கோயில் கமிட்டி ஆளு. வேணாம் லாயரம்மா, போயிடலாம்."

கோர்ட்டில் கேட்டதை வெளியே பேசமாட்டேன் என்று சத்தியம் செய்தவர்தான் ஐயாவு. ஆனால் அந்தச் சத்தியம் வீட்டுச் சாப்பாட்டு மேசைவரை கூட வருமா? வேறு ஆள் கேட்டால் வழக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போகும். இருந்தும் அதைக் கேட்கச் சந்திரமதி தயங்கியபடி எழுந்தாள். அங்கி மறுபடியும் இழுபட்டது.

"நானே மலாய்ல பேசுனா இவரு வெளிய போயிடுவாருல்ல?"

"ஏலுமா உங்களுக்கு?"

"பாசார்ல பேசுறதுதான். பேசிடுவேன்."

நீதிபதி சம்மதித்தார். ஐயாவு கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

சாட்சிக் கூண்டில் நல்லம்மாளின் குரல் முதலில் எழும்பவே இல்லை. மீன் வாங்கவும் பஸ்ஸில் இடம் கேட்கவும் பழகிய மலாய் அது. தட்டுத்தடுமாறி வந்து, ஓர் இடத்தில் நின்றது. பிறகு "கூஸ்தா" என்றாள். தொழுநோய் என்று தமிழில் ஒருநாளும் வாயில் வராத சொல் மலாயில் வந்துவிட்டது. அதன்பிறகு அவள் நிற்கவில்லை.

குலசிங்கம் எழுந்தார். தொற்றுநோய் வந்தவளைப் பற்றி முதலாளிக்குத் தெரியவேண்டாமா என்று கேட்டார்.

"எனக்கு எப்பவோ நல்லாயிடுச்சு, துவான். உடம்பு சரியாகணும்னுதான் டாக்டர்கிட்ட சொன்னேன். அவருகிட்ட மட்டும்தான் சொன்னேன்," என்றாள் அதே உடைந்த மலாயில்.

தீர்ப்பு டாக்டருக்கு எதிராக வந்தது. அவள் பெயரை எங்கும் வெளியிடக்கூடாது என்றும் நீதிபதி உத்தரவிட்டார். ஆலை அவளைத் திரும்ப எடுக்கவில்லை; சீனர் ஒருவரின் தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மகள் கல்யாணம் நடந்தது. ஐயாவு எதையாவது ஊகித்தாரோ என்னவோ, யாரும் எதுவும் பேசவில்லை.

சில வருஷம் கழித்து, புந்தோங் கோயில் திருவிழாவில் சந்திரமதி அவளைப் பார்த்தாள். இடுப்பில் பேரப்பிள்ளை. கண்கள் ஒரு கணம் சந்தித்தன. நல்லம்மாள் யாரோபோலக் கடந்து கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

சந்திரமதிக்குச் சுருக்கென்றது. கூப்பிட வாயெடுத்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"ஆர் அக்கா அது?" என்று கேட்டாள் பக்கத்தில் நின்ற தங்கை அம்பிகை.

"தெரியேல்லை," என்றாள் சந்திரமதி.