முகமூடிக்குள் மேனேஜர்

பள்ளிப் படிப்போடு நின்றவன் பயணம் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் மாண்ட்ரியலில் நாளை கிறிஸ்தவர்களின் தவக்கால நோன்பு தொடங்குகிறது. அதற்கு முன் தின்று, ஆடித் தீர்த்துவிட, என் தம்பியின் அலுவலகத்தார் மாதா கோயில் மண்டபத்தில் முகமூடியோடு கூடியிருக்கிறார்கள். இன்ஜினீயர் தம்பிக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பன்றி, பிசாசு, கழுதை என்று எதிர்ப்படும் முகத்துக்கெல்லாம் குனிந்து பிரெஞ்சில் "போன்ஜூர்" என்று வணக்கம் சொல்கிறான்.

"எதுக்குடா இப்படி?"

"எங்க மேனேஜர் எந்த மூஞ்சிக்குள்ள இருக்கார்னு தெரியலண்ணா. நீங்களும் சொல்லி வைங்க."

"கழுதைக்குமா?"

"அதுக்குத்தான் முக்கியமா. அவர் உயரம் அதேதான்."

கூச்சத்தோடு குனிகிறேன். கழுதை மகிழ்ந்து, இனிப்புப் பாகு ஊற்றிய, தோசை போன்ற பான்கேக் ஒன்றை என் கையில் தருகிறது.

மறுநாள் தம்பி விசாரித்ததில், மேனேஜர் சளிக்காய்ச்சலால் முந்தின நாள் வீட்டைவிட்டே கிளம்பவில்லையாம்.