கரண்ட் வந்ததும் எழுந்தவள்

என் பேத்தியின் தூக்கத்தை நான் பிடுங்கிக்கொண்டேன். அவள் நன்மைக்குத்தான் செய்தேன் என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. மருமகன் மஸ்கட்டில் இருந்தார். மகள் கடலூரில் நர்ஸ். ஷிப்டு மாறி மாறி வரும் என்பதால் பேத்தி சிதம்பரத்தில் என்னிடம் இருந்தாள். நான் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். படித்ததை மூளை தூக்கத்தில்தான் அடுக்கி வைக்கிறது என்று வருடா வருடம் வகுப்பில் சொன்னவன். சொன்னதோடு சரி.

2012-ஆம் வருடம். புயலில் சாய்ந்த மின்கம்பங்களை நட்டு முடித்த பிறகும் மின்வெட்டு விடவில்லை. ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த மணி இருக்காது, இரவிலும் அப்படித்தான். ஊரே அதற்கேற்ப மாவரைத்தது, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியது. நான் பேத்தியைப் படிக்க வைத்தேன். கரண்ட் இருந்தால் படிப்பு, போனால் தூக்கம். விளக்கு, ஃபேன், ரேடியோ எல்லாவற்றின் சுவிட்சையும் போட்டபடியே விட்டுவிடுவேன். கரண்ட் வந்ததும் மூன்றும் சேர்ந்து அவளை எழுப்பும். பக்கத்து அறையில் படுத்தபடியே, "எழுந்துட்டியா?" என்பேன்.

"எழுந்துட்டேன் தாத்தா."

அந்தக் குரலைக் கேட்டதும் நான் திரும்பிப் படுத்து நிம்மதியாகத் தூங்குவேன்.

ஒருநாள் ஜோடி மாறிய செருப்போடு பள்ளிக்குப் போனாள். மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைந்தது. படிப்பு போதவில்லை என்று முடிவு கட்டி, சாயங்காலம் அவள் கண்ணயரும் கொஞ்ச நேரத்தையும் நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை வந்த மகள், "கண்ணெல்லாம் உள்ள பூந்துகிச்சிப்பா. கொஞ்சம் தூங்க வுடுங்க" என்றாள்.

"பரீட்சை முடிஞ்சி தூங்கட்டும், யாரு வேணாங்கறா? ஃபர்ஸ்ட் குரூப் வேணும்னு கேக்கறது நானா, அவளா?"

கேட்டது அவள்தான். கணக்கென்றால் அவளுக்கு உயிர்.

கணக்குத் தேர்வன்று பள்ளி வாசலில் சைக்கிளோடு நின்றிருந்தேன். பேத்தி தலைகுனிந்து வந்தாள். அவள் தோழி சிரிப்பை அடக்கமுடியாமல் முன்னால் ஓடிவந்தாள்.

"தாத்தா, இன்னிக்கி ஹால்ல ஒங்க பேத்தி ஒரே காமெடி. ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே கரண்ட் பூடுச்சா, இவ பேப்பர் மேலயே தலய வச்சித் தூங்கிட்டா. குனிஞ்சி எழுதறான்னுதான் நெனச்சோம். கரண்ட் வந்து ஃபேன் சுத்துச்சி பாருங்க, பட்டுன்னு எழுந்து நின்னு, 'எழுந்துட்டேன் தாத்தா, எழுந்துட்டேன்'னு கத்தறா. மேடமே சிரிச்சிட்டாங்க."

நானும் சிரிக்கத் தொடங்கினேன். பாதியில் சிரிப்பு நின்றது. பேத்தியின் கன்னத்தில், விடைத்தாளில் எழுதிய எண்கள் மையோடு இடவலம் மாறிப் பதிந்திருந்தன.

வழியில் அவள் மெதுவாகச் சொன்னாள். "பாதி கணக்குதான் போட்டேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க தாத்தா. நான் தூங்குமூஞ்சி, அதான்."

"சரி" என்றேன். எழுப்பியதைவிடப் பெரிய குற்றம் அந்தச் 'சரி'.

அன்றே ரேடியோவைப் பரண்மேல் ஏற்றினேன். மற்ற சுவிட்சுகளையும் அணைத்தேன். ஆனாலும் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்து எதிர்வீட்டு மோட்டார் ஓடத் தொடங்கினால் அவள் இருட்டிலேயே எழுந்து உட்கார்ந்தாள்.

தேர்ச்சி பெற்றாள்; ஆனால் அந்த மதிப்பெண்ணுக்கு ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்கவில்லை. தலைமையாசிரியையிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, என் தவறுக்கு அவளைத் தண்டிக்க வேண்டாமென்று கெஞ்சினேன். "எனக்குப் புரியுது சார். ஆனா மார்க்க வச்சித்தான் சீட்டு" என்றார். மகளிடமும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. மறு வாரமே பேத்தியைக் கடலூருக்கு அழைத்துப்போய்விட்டாள்.

கிளம்பும் நாளில் பேத்தியை உட்காரவைத்துச் சொன்னேன். "நீ தூங்குமூஞ்சி இல்லம்மா. நான்தான் ஒன்னத் தூங்க வுடல. மார்க்கு போனது என்னாலதான்."

அவள் என்னை வியப்போடு பார்த்தாள். பிறகு, என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்தாள்.

"அப்பிடிச் சொல்லாதீங்க தாத்தா. நீங்க எழுப்பிப் பழக்கினதாலதான் ஃபேன் சுத்துனதும் முழிச்சிக்கிட்டேன். இல்லன்னா அந்தப் பாதியும் போட்ருக்க மாட்டேன்."