நீர்யானை பிளிறாது

பிள்ளைகளே, நீர்யானைக்கு இந்தப் பெயரை வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் போய்ச் சண்டை பிடிப்பேன். அதற்குத் தும்பிக்கை இல்லை, சுளகு போன்ற காதும் இல்லை, யானைக்கு அது சொந்தமும் இல்லை. திமிங்கிலம்தான் கிட்டிய உறவாம். இதை எனக்குச் சொன்னது என் மகள்.

அப்போது அவளுக்குப் பத்து வயது. நாங்கள் குடிவந்த வெளிநாட்டு நகரத்தில், வெக்ஸ்போர்ட் பக்கம், சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு. காரில் ஏற மாட்டாள். ஏற்றிவிட்டால் இறங்க மாட்டாள். அப்படிப்பட்டவள் பேச்சுப்போட்டிக்குத் தானாகவே பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். தலைப்பு, நீர்யானை. எனக்குச் சந்தோசம் ஒருபக்கம், பயம் ஒருபக்கம். இந்த ஆசையும் கெட்டுப்போனால் இனி அவளைத் தமிழ் வகுப்புப் பக்கம் கூட்டிக்கொண்டு போகவே முடியாது.

வீடியோக்களில் பார்த்ததை அவள் ஆங்கிலத்தில் சொன்னாள், நான் தமிழில் எழுதினேன். பகல் முழுக்க ஆற்றில் கூட்டமாகக் கிடக்கும். வெயிலில் நின்றால் தோல் காய்ந்து வெடித்துவிடும். சிவப்பாக ஒரு பசை ஊறித் தோலைக் காக்கும். பார்க்க இரத்தம் மாதிரி இருக்கும், ஆனால் இரத்தம் இல்லை. பொழுதுபட்டால் கரையேறிப் புல் மேயும். அப்போது மட்டும் கூட்டம் கிடையாது, ஒவ்வொன்றும் தன் பாட்டில் மேயும். வாயை ஆவென்று திறந்தால் நித்திரை வருகிறது என்று நினைக்கக்கூடாது, கிட்ட வராதே என்று அர்த்தம். ஆண் நீர்யானை சாணி போடும்போது வாலைச் சுழற்றி நாலா பக்கமும் விசிறியடிக்கும். இது என் இடம் என்று சொல்கிற விதமாம் அது. இந்த இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஆற்றில் நீந்தும்" என்று எழுதினேன்.

"நோ அப்பா, அது ஸ்விம் பண்ணாது. அடியில நடக்கும்."

வெட்டிவிட்டு எழுதினேன்.

தாளைத் தமிழ் வகுப்பு ரீச்சரிடம் கொடுத்தோம். சிவப்பு மையோடு திரும்பி வந்தது. குட்டி என்பதைக் கன்று ஆக்கியிருந்தார். சாணி இலத்தி ஆகியிருந்தது. கத்தும் என்ற இடத்தில் பிளிறும். தமிழில் ஒவ்வொரு மிருகத்துக்கும் தனித்தனிச் சொல் உண்டு, நானும் சின்ன வயதில் பாடமாக்கியதுதான். நாய் குரைக்கும், குதிரை கனைக்கும், யானை பிளிறும். பெயரிலே யானை இருந்துவிட்டது, அதுதான் பிரச்சினை.

மகள் வீடியோவைத் திரும்பப் போட்டுக் கேட்டாள். முகம் மாறிவிட்டது. "அது சிரிக்கிற மாதிரித்தான் கேக்குது. பிளிறும் எண்டா பொய். நான் சொல்லமாட்டன்."

ரீச்சரிடம் போனேன். நல்ல மனிசி, சம்பளம் வாங்காமல் படிப்பிக்கிறவர்.

"அண்ணை, மரபுச் சொல்லை நாங்கள் மாத்தேலாது. மாத்தினால் மார்க்ஸ் போகும்."

"ரீச்சர், அது யானையே இல்லை."

"பேரில யானை இருக்குதே?"

வீட்டுக்கு வந்து, ஒரேயொரு சொல்தானே, சொல்லிவிட்டு இறங்கு என்று மகளைக் கெஞ்சினேன். அவள் தாளைச் சுருட்டி எறிந்தாள். "அப்ப நான் வரமாட்டன். தமிழ் கிளாசுக்கும் வரமாட்டன்." அந்தக் கிழமை ஏழு நாளும் வீட்டில் இதே சண்டை. பெயர் வைத்தவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

போட்டியன்று எப்படியோ வந்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. நன்றாகத்தான் பேசிக்கொண்டு போனாள். சத்தம் வருகிற இடத்தில் நின்றுவிட்டாள். மறந்துபோனாள் என்று நினைத்தேன்.

"நீர்யானையின் சத்தத்துக்குத் தமிழில் சொல் இல்லை," என்றாள். "அதால செய்து காட்டுறன்."

கன்னத்தை ஊதி, தொண்டையின் அடியிலிருந்து ஒரு ஹோங், பிறகு ஹோ ஹோ ஹோ. மண்டபம் முழுக்கச் சிரித்தது. நடுவராக இருந்த ரீச்சரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மார்க்ஸைக் குறைத்துவிட்டார். பரிசு இல்லை.

காரில் எனக்குத்தான் எரிச்சல் அடங்கவில்லை. சரியாகச் சொன்ன பிள்ளைக்கு மார்க்ஸ் இல்லையா என்று புறுபுறுத்துக்கொண்டே ஓட்டினேன். மோர்னிங்சைட் சந்தியில் சிவப்பு விளக்கில் நின்றபோது அவள் கேட்டாள்.

"அப்பா, தண்ணிக்கு அடியில நடக்கிறதுக்கு ஒரு சொல் இருக்கோ?"

யோசித்தேன். பின்னால் நின்றவர் ஹோர்ன் அடிக்கும்வரை யோசித்தேன். ஒன்றும் வரவில்லை.

"பரவாயில்லை," என்றாள். "வாற சனி ரீச்சரிட்டக் கேக்கிறன்."