கட்டிலுக்கு மேலே மாட்டிய முகம்

பிரெஞ்சு நாட்டின் பிரெஸ்ட் துறைமுகத்தில் கெர்வெல்லா வீட்டுச் சமையற்காரி நான். அந்த வீட்டுப் பையன் எர்வே கடற்படை அதிகாரி. கைக்குழந்தையிலிருந்து எனக்குத் தெரியும், அதனால் அவன் இவன் என்றுதான் சொல்வேன். கிளெமான்ஸைக் கட்டிக்கொண்டு வந்த மாதமே கப்பலேறிவிட்டான். அவளுக்கு மிஞ்சியது பெரியம்மா என்று நாங்கள் அழைக்கும் மாமியார், நாத்தனார் ஒனோரின், அப்புறம் கடிதங்கள்.

கடிதம் யார் பெயருக்கு வந்தாலும் பெரியம்மாதான் பிரிப்பார். ஞாயிறு பூசை முடிந்ததும் மேசையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். தாஹித்தித் தீவில் மழை, கேப்டனுக்கு வயிற்றுப்போக்கு, எல்லாம் என் கறுப்புக் கோதுமை அப்பத்தோடு சேர்த்துப் பரிமாறப்படும். இப்படிப் படிக்கிற கடிதத்தில் எந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு ஆசையாக எழுதுவான்? உடம்பைப் பார்த்துக்கொள், அவ்வளவுதான்.

ஆனால் அவன் அருமையாகப் படம் வரைவான். படகு, தென்னை, பூச்சூடிய தீவுப் பெண்கள். அத்தனையும் ஒனோரின் பெயருக்கே வரும். அவனுக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்த அக்கா அவள். அவன் வரைந்து பழக, வருடக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து முகம் காட்டியவளும் அவள்தான்.

"உனக்குப் படத்தப் பத்தி என்ன தெரியும் கிளெமான்ஸ்? அதான் எனக்கு அனுப்புறான்," என்பாள்.

கிளெமான்ஸ் அடுப்படிக்கு வந்து பொருமுவாள். "தீவுக்காரிங்களையெல்லாம் உக்கார வெச்சு வரையிறாரு. கட்டினவ மூஞ்சி மட்டும் கசக்குதா?"

எனக்கே வயிறு எரிந்தது. "கேட்டு வாங்குங்க சின்னம்மா. வாயென்ன தைச்சா வெச்சிருக்கு?" என்றேன்.

என்னை வரைந்து, என் பெயருக்கே அனுப்புங்கள் என்று எழுதினாள். பதில் வர ஒரு வருடம் ஆனது. பெரியம்மா உறையைப் பிரித்தார். ஒரு பெண்ணின் முகம், அடியில் அவன் கையால் 'என் கிளெமான்ஸ்'.

"அடடே, அப்படியே நம்ம ஒனோரின்!" என்றார் பெரியம்மா.

மூக்கு, முகவாய் எல்லாம் ஒனோரினுடையதுதான். அவன் கைக்குப் பழகிய முகம் அது.

"பாவம், உன் மூஞ்சி மறந்துபோச்சு போல," என்று ஒனோரின் சிரித்தாள்.

"இது நான்தான்," என்று கிளெமான்ஸ் படத்தைப் பிடுங்கிக்கொண்டாள். சட்டம் போட்டுக் கட்டிலுக்கு மேலே மாட்டினாள். அடியில் இருந்த எழுத்தைச் சட்டம் மறைத்துவிட்டது. வந்தவர்களிடமெல்லாம் "என் படம்" என்றாள். ஒனோரின் மாதிரியே தலைவாரிக்கொள்ளவும் ஆரம்பித்தாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

எர்வே ஒருவழியாகத் திரும்பி வந்தான். அவன் பெட்டியோடு நானும் மாடியேறினேன். அறைக்குள் நுழைந்ததும் படத்தைப் பார்த்தான், முகம் மலர்ந்தது.

"அட, அக்கா படத்த எதுக்கு இங்க மாட்டியிருக்கே?"

கிளெமான்ஸ் படத்தைக் கழற்றி, சட்டத்தைப் பிரித்து, அவன் எழுத்தை அவனுக்கே காட்டினாள். அவன் முகம் வெளிறிப்போனது. சட்டைப் பையில் அவசரமாகப் பென்சிலைத் தேடினான். "உக்காரு, இப்பவே வரையிறேன்."

"பென்சில் வேணாம்." அவன் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "மொதல்ல என்னைப் பாருங்க."